பிங் போகிறது, திரை வரவில்லை: மெயின்பிரேமும் ஐபியும் கலந்த நெட்வொர்க்கைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

காலை பத்தரை மணி. வங்கிக் கிளையில் கவுன்ட்டர் ஊழியர் என்டர் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். திரையின் அடியில் எக்ஸ் குறியும் கடிகாரமும் அப்படியே நிற்கின்றன. ஹெல்ப்டெஸ்க்குக்கு அழைப்பு போகிறது. நெட்வொர்க் குழு பிங் அடித்துப் பார்க்கிறது: 12 மில்லிவிநாடி, ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. "எங்க பக்கம் சுத்தம்." மெயின்பிரேம் குழு, பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருளான சிஐசிஎஸ்ஸின் பரிவர்த்தனை நேரத்தைப் பார்க்கிறது: 0.2 விநாடி. "எங்க பக்கமும் சுத்தம்." இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. ஊழியர் மட்டும் இன்னும் காத்திருக்கிறார்.

இந்த மாதிரி கான்ஃபரன்ஸ் கால்களில் நான் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். கடைசியில் கோளாறு பெரும்பாலும் இரண்டு குழுக்களும் அளக்காத இடத்தில்தான் இருந்தது: ஐபி முடிந்து, மெயின்பிரேமின் பழைய நெட்வொர்க் கட்டமைப்பான எஸ்என்ஏ தொடங்கும் எல்லையில். அந்த எல்லையை அளப்பதற்குத் தகுந்த மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அமைப்பது, கோளாறு வந்தால் எந்த வரிசையில் தேடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஐபிஎம் இசட்/ஓஎஸ் மெயின்பிரேமை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: பாதையை வரைந்து வையுங்கள்

மென்பொருள் வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள். ஊழியரின் எமுலேட்டரில் (மெயின்பிரேம் திரையைக் கணினியில் காட்டும் மென்பொருள்) தொடங்கி கிளை ரவுட்டர், ஃபயர்வால், தரவு மைய சுவிட்ச், மெயின்பிரேமின் ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் கார்டு, ஐபி பேசும் மென்பொருளான டிசிபி/ஐபி ஸ்டாக், 3270 திரைகளை ஐபி வழியாக வழங்கும் டிஎன்3270 சர்வர், எஸ்என்ஏ பேசும் மென்பொருளான விடாம், சிஐசிஎஸ் என்று வரிசையாகக் கட்டம் போடுங்கள். இதில் டிஎன்3270 சர்வர் என்ற கட்டத்தைச் சிவப்பு மையால் சுற்றுங்கள். ஐபி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு உள்ளே நடப்பது எல்லாம் எஸ்என்ஏ செஷன்.

"எங்களிடம் எஸ்என்ஏ இல்லை, அதையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டோம்" என்று சொல்பவர்கள் நிறைய. எடுத்தது பழைய கேபிளையும் முன்னணிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும்தான். 1974இல் ஐபிஎம் அறிவித்த அந்தக் கட்டமைப்பு, எல்யூ பெயர்களோடும் (எஸ்என்ஏவில் ஒவ்வொரு முனைக்கும் உள்ள பெயர்) லாக்மோடுகளோடும் (செஷன் அளவுருக்களின் தொகுப்பு) விடாமுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிஎன்3270 சர்வர் ஒவ்வொரு ஐபி இணைப்புக்கும் ஒரு எல்யூ பெயரைக் கொடுத்து, ஊழியரின் சார்பில் விடாமோடு பேசுகிறது.

வரைபடத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, விஐபிஏ முகவரிகள். எந்தக் கார்டோடும் ஒட்டாத மெய்நிகர் முகவரிகள் இவை. ஒரு கார்டு செத்தாலும் இன்னொன்றின் வழியாக வந்து சேரலாம். இரண்டு, எந்தக் கிளைக்கு எந்த எல்யூ பெயர் வரிசை என்ற பட்டியல். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: இணைப்புகளைப் பல ஸ்டாக்குகளுக்குப் பங்கிடும் சிஸ்பிளெக்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதா என்பது. இருந்தால், உள்ளே வரும் பாக்கெட் விநியோகிக்கும் ஸ்டாக் வழியாக வரும். பதில் பாக்கெட் வேலையைச் செய்யும் ஸ்டாக்கிலிருந்து நேராக வெளியே போய்விடும். இது தெரியாமல் ஒரே இடத்தில் பாக்கெட் பிடித்தால் உரையாடலின் பாதிதான் கிடைக்கும். "மெயின்பிரேம் பதிலே சொல்லவில்லை" என்று தவறான முடிவுக்கு வந்து, அதை மின்னஞ்சலில் பத்துப் பேருக்கு அனுப்பியும்விடுவோம்.

இரண்டாம் படி: கடிகாரங்களைச் சேர்த்து வையுங்கள்

ரவுட்டர், ஃபயர்வால், மெயின்பிரேம் எல்லாம் ஒரே நேர மூலத்தைப் பார்க்க வேண்டும். மெயின்பிரேம் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் பதிவின் தலைப்பில் உள்ளூர் நேரம் இருக்கும். அதில் டிசிபி/ஐபிக்கான 119 வகைப் பதிவின் உள்ளே இணைப்பு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இதைக் கவனிக்காமல் அறிக்கை எழுதினால் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு வேடிக்கை: விடாம் செய்திகள் எல்லாம் ஐஎஸ்டி என்ற எழுத்துகளில் தொடங்கும். அது இந்திய நேரம் அல்ல என்று ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

சந்தையில் இருக்கும் பெரிய பெயர்கள் சிலவே. ஐபிஎம்மின் நெட்வியூ, பழைய எஸ்என்ஏ காலத்திலிருந்து வருவது. செய்திகளைப் பிடித்துத் தானாக நடவடிக்கை எடுப்பதில் பலசாலி. நெட்வொர்க்குகளுக்கான ஓமேகமான், 2004இல் கேண்டில் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கியபோது சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அளவீடுகளையும் வரலாற்றையும் காட்டுவதில் நல்லது. நெட்மாஸ்டர், சிஏ நிறுவனத்திடம் இருந்தது. 2018க்குப் பிறகு பிராட்காம் கையில். இவை தவிர சிறிய நிறுவனங்கள் விற்கும் வைட்டல்சைன்ஸ் போன்ற கருவிகளும் உண்டு. ஐபி பக்கத்துக்கு ஜாபிக்ஸ், பிராமிதியஸ், கிராஃபானா, வயர்ஷார்க் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

எது சிறந்தது என்று கேட்டால் எனக்குப் பெயரில் நம்பிக்கை இல்லை. விற்பனையாளர் டெமோ காட்ட வரும்போது, அழகான வட்ட வரைபடங்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுங்கள்: "இதோ ஒரு ஐபி முகவரி. இது இப்போது எந்த எல்யூவில், எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது, கடைசி ஒரு மணி நேரத்தில் அதன் மறுமொழி நேரம் எவ்வளவு, அதில் ஐபி பங்கு எவ்வளவு என்று காட்டுங்கள்." மூன்று திரைக்குள் பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். எல்யூ பெயரிலிருந்து ஐபிக்கும் அதேபோல் போக முடிய வேண்டும், ஏனென்றால் சிஐசிஎஸ்காரர்கள் உங்களிடம் எல்யூ பெயரைத்தான் கொடுப்பார்கள்.

அடுத்து மூன்று கேள்விகள். என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் இணைப்பையும் (எஸ்என்ஏவை ஐபிக்குள் பொதிந்து அனுப்புவது, ஆறாம் படியில் வரும்) அதற்குள் செஷன்களைச் சுமந்து ஓடும் ஆர்டிபி குழாய்களையும் தனித்தனியாகக் காட்டுமா? பாக்கெட் டிரேசைத் திரையிலிருந்தே தொடங்கி வயர்ஷார்க் படிக்கும் கோப்பாகத் தருமா? கண்காணிப்புக்கே எவ்வளவு சிபியூ தின்னும்? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மெயின்பிரேமில் சிபியூ என்றால் பணம். நெட்வொர்க்கைக் காப்பாற்ற வந்த கருவி மாதக் கட்டணத்தை ஏற்றிவிட்டால், அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் முதலில் நிறுத்தப்படுவது அதுதான்.

பணமே இல்லையா? பரவாயில்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இசட்/ஓஎஸ்ஸிலேயே இருப்பது. வணிக மென்பொருள்கள் அதே தரவை எடுத்துக் கண்ணுக்கு இதமாகக் காட்டுகின்றன, அவ்வளவே.

நான்காம் படி: தரவை எடுக்கும் குழாய்கள்

முக்கியமானது எஸ்எம்எஃப் 119 வகைப் பதிவு. டிசிபிஐபி புரோஃபைல் கோப்பில் எஸ்எம்எஃப்கான்ஃபிக் வரியில் எந்தத் துணைவகை வேண்டும் என்று சொல்கிறோம். துணைவகை 1 டிசிபி இணைப்பின் தொடக்கம். 2 அதன் முடிவு. 5 ஸ்டாக்கின் மொத்தப் புள்ளிவிவரம். 6 இன்டர்ஃபேஸ் புள்ளிவிவரம். 20, 21 டிஎன்3270 செஷனின் தொடக்கமும் முடிவும். 70 எஃப்டிபி சர்வரின் கோப்பு மாற்றம். இந்தக் கடைசி மூன்றை மட்டும் அந்தந்த சர்வரின் சொந்த அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டும்.

இதில் 1ஐ விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இணைப்பு முடியும்போது எழுதப்படும் 2ஆம் துணைவகையிலேயே தொடங்கிய நேரம், போன பைட், வந்த பைட், மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகள், சுற்றுப்பயண நேரம் எல்லாம் வந்துவிடும். வெப் சேவைகள் ஓடும் இடத்தில் குறுகிய இணைப்புகள் மழைபோல் வரும். இரண்டையும் இயக்கினால் எஸ்எம்எஃப் கோப்புகள் வீங்கும். 21ஐ மட்டும் விடவே கூடாது. ஐபி முகவரியும் எல்யூ பெயரும் பயன்பாட்டின் பெயரும் ஒரே பதிவில் சந்திக்கும் இடம் அது. நம் சிவப்பு வட்டத்தின் பதிவேடு.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 119 பதிவில் ஐபிவி4 முகவரிகள்கூட 16 பைட் ஐபிவி6 வடிவத்துக்குள் பொதிந்தே வரும். கடைசி 4 பைட்டை எடுக்க வேண்டும்.

எஸ்எம்எஃப் நடந்து முடிந்ததைச் சொல்லும். இப்போது நடப்பதைப் பார்க்க நெட்வொர்க் மேலாண்மை இடைமுகம் என்ற நிரல்வழி உண்டு. வணிகக் கருவிகள் அதைத்தான் கூப்பிடுகின்றன. கையால் பார்க்க நெட்ஸ்டாட் போதும். அதன் 'ஆல்' அறிக்கையில் ஒவ்வொரு இணைப்பின் சராசரி சுற்றுப்பயண நேரம், மறுஅனுப்பல் எண்ணிக்கை, விண்டோ அளவு (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவு), எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்சத் தரவு) ஆகியவை இருக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புள்ள சிஸ்டத்தில் வடிகட்டாமல் இதை அடித்துவிட்டு, கன்சோல் நிரம்பி ஓடுவதைப் பார்த்துக் கை பிசைந்தவர்கள் உண்டு. முகவரியோ போர்ட்டோ கொடுத்து வடிகட்டுங்கள்.

ஐந்தாம் படி: மறுமொழி நேரத்தை இரண்டாகப் பிளப்பது

வழிகாட்டியின் மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

டிஎன்3270 சர்வர் எல்லையில் உட்கார்ந்திருப்பதால் மூன்று தருணங்களை அதனால் பார்க்க முடியும். ஊழியர் என்டர் தட்டி, கோரிக்கை சர்வரை வந்தடைந்த தருணம். விடாம் வழியாகப் பயன்பாட்டின் பதில் வந்து, சர்வர் அதை ஐபியில் தள்ளிய தருணம். எமுலேட்டர் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்புகை அனுப்பி, அது திரும்பி வந்த தருணம். முதலுக்கும் இரண்டுக்கும் இடைவெளி எஸ்என்ஏ நேரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைவெளி ஐபி நேரம். இந்தக் கணக்கை 1999இல் வந்த ஆர்எஃப்சி 2562 என்ற இணையத் தரநிலை ஆவணம் முறைப்படுத்தியது.

அமைப்பது எளிது. டிஎன்3270 சர்வரின் அமைப்புக் கோப்பான டெல்நெட் புரோஃபைலில் மானிட்டர்குரூப் என்று ஒரு குழுவை வரையறுத்து, சராசரி வேண்டும், நேரத் தொட்டிகள் வேண்டும், ஐபி பகுதியையும் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, அதை ஒரு கிளையின் முகவரி வரம்போடு இணைக்க வேண்டும். டைனமிக் டிஆர் என்ற விருப்பத்தையும் இயக்குங்கள். பயன்பாடு ஒப்புகை கேட்காவிட்டாலும் சர்வரே கேட்கும்படி அது செய்யும். டிஎன்3270இன் மேம்பட்ட வடிவமான டிஎன்3270இ பேசத் தெரியாத பழைய எமுலேட்டர்களிடம் ஒப்புகை கிடைக்காது; அவற்றுக்கு டைம்மார்க் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் டெல்நெட் செய்தி) அனுப்பி அளக்கும்.

தொட்டிகள் என்பவை நேர எல்லைகள்: ஒரு விநாடிக்குள் எத்தனை, இரண்டு விநாடிக்குள் எத்தனை, ஐந்துக்குள், பத்துக்குள், அதற்கு மேல் எத்தனை என்ற எண்ணிக்கை. சராசரியைவிட நான் தொட்டிகளையே நம்புவேன். நூறு பரிவர்த்தனையில் தொண்ணூற்றெட்டு 0.3 விநாடியிலும் இரண்டு 20 விநாடியிலும் முடிந்தால் சராசரி 0.7. அறிக்கையில் பச்சை விளக்கு எரியும். அந்த இரண்டு பேர்தான் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுவார்கள்.

முதலில் எல்லாக் கிளைகளுக்கும் போடாதீர்கள். இரண்டு பெரிய கிளை, இரண்டு தொலைதூரக் கிளை, தரவு மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு இடம். கடைசியாகச் சொன்ன அந்த அருகிலுள்ள இடம் தராசின் படிக்கல் மாதிரி. அங்கே ஐபி நேரம் எப்போதும் சில மில்லிவிநாடியாக இருக்க வேண்டும். அங்கேயும் ஏறினால் கோளாறு கிளைகளில் இல்லை. சர்வருக்கு மிக அருகில், பெரும்பாலும் தரவு மைய சுவிட்ச், ஃபயர்வால், அல்லது சிபியூ கிடைக்காமல் தவிக்கும் ஸ்டாக். ஒரு மாதமாவது அளந்து வையுங்கள். அதற்குள் மாதக் கடைசியும் சம்பள நாளும் ஒரு திங்கட்கிழமைக் காலையும் வந்திருக்க வேண்டும். சாதாரண நாளின் உருவம் தெரியாமல் அசாதாரண நாளை அடையாளம் காண முடியாது.

பிளந்த எண் கையில் இருந்தால் கான்ஃபரன்ஸ் காலின் தொனியே மாறும். மொத்தம் 4.1, எஸ்என்ஏ 0.3, ஐபி 3.8 என்றால் மெயின்பிரேம் குழு தூங்கப் போகலாம். எஸ்என்ஏ 3.8 என்றால் அவர்கள் எழுந்து உட்கார வேண்டும். சிஐசிஎஸ் 0.2 என்று காட்டியும் எஸ்என்ஏ நேரம் 3.8 என்றால் இன்னும் சுவாரசியம்: பரிவர்த்தனை தொடங்கும் முன்பே எங்கோ வரிசையில் நின்றிருக்கிறது. சிஐசிஎஸ்ஸின் கடிகாரம் அந்தக் காத்திருப்பை எண்ணாமல் விட்டிருக்கலாம்.

ஆறாம் படி: என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டரைத் தனியாகக் கவனியுங்கள்

இரண்டு நிறுவனங்களின் மெயின்பிரேம்கள் எல்யூ 6.2 (நிரலும் நிரலும் பேசும் முறை) மாதிரி எஸ்என்ஏ மொழியிலேயே பேசிக்கொள்ளும்போது, இடையில் இருக்கும் ஐபி நெட்வொர்க்கில் அந்தப் பேச்சை யூடிபி பாக்கெட்டுகளில் பொட்டலம் கட்டி அனுப்புவது என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர். சுருக்கமாக இஇ. 1998இல் ஆர்எஃப்சி 2353இல் விவரிக்கப்பட்டது. யூடிபி போர்ட் 12000 முதல் 12004 வரை ஐந்து. 12000இல் இணைப்பை உயிரோடு வைக்கும் கட்டுப்பாட்டுச் செய்திகள். 12001இல் நெட்வொர்க் முன்னுரிமை. 12002, 12003, 12004இல் உயர், நடுத்தர, தாழ் முன்னுரிமைத் தரவு.

இந்த ஐந்தில்தான் பாதிக் கோளாறுகள். ஃபயர்வால்காரர் 12000ஐ மட்டும் திறந்துவிடுவார். இணைப்பு மேலே வரும், எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வார்கள், செஷன் மட்டும் அமையாது. அல்லது 12004 மூடியிருக்கும். பகலில் ஆன்லைன் நன்றாக ஓடும், இரவு தாழ் முன்னுரிமையில் போகும் பேட்ச் வேலை மட்டும் தொங்கும். மூல போர்ட்டும் இலக்கு போர்ட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதையும் ஃபயர்வால்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். போர்ட்டை மாற்றி எழுதும் முகவரி மாற்றம் இஇக்கு ஒத்துவராது.

சோதிக்க ஒரு அருமையான கட்டளை இருக்கிறது, ஏனோ பலருக்குத் தெரிவதில்லை. கன்சோலில் டிஸ்ப்ளே நெட் கட்டளையில் இஇடயாக், டெஸ்ட்=யெஸ் என்று இரண்டு பக்க முகவரிகளையும் கொடுத்து அடித்தால், டிரேஸ்ரவுட் மாதிரி ஒவ்வொரு தாவலாகப் போய் ஐந்து போர்ட்டையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லும். எந்தத் தாவலுக்குப் பிறகு எந்த போர்ட் ஊமையாகிறது என்று வந்துவிட்டால், ஃபயர்வால் குழுவோடு வாதாட வேண்டியதில்லை. வெளியீட்டை அனுப்பினால் போதும்.

அடுத்தது துண்டாகும் பாக்கெட். இணைப்பு வரும், சின்னச் செய்திகள் போகும், பெரிய கோப்பு தொடங்கியதும் நின்றுவிடும். நடுவில் விபிஎன் சுரங்கம் இருந்தால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500 பைட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். பெரிய பாக்கெட்டுகள் துண்டாகும். யூடிபி போர்ட் எண் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். போர்ட் எண்ணே இல்லாமல் வரும் இரண்டாம் துண்டை ஃபயர்வால் கேள்வி கேட்காமல் வீசிவிடும். இஇ பாதையின் எம்டியூவைச் சுரங்கத்துக்குள் அடங்கும்படி குறைத்தால் தீர்ந்தது.

எதற்கு அலாரம் வைப்பது? இஇ இணைப்பு அமைதியாக இருந்தால் இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குப் பிறகு "இருக்கிறாயா" என்று கேட்கும். பதில் இல்லையென்றால் 15 விநாடி இடைவெளியில் மறுபடி மறுபடி கேட்டு, மூன்று மறுமுயற்சிக்குப் பிறகு கைவிடும். ஆக, பாதை செத்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் விடாம் இணைப்பு போனதாக அறிவிக்கும். அப்போதும் செஷன்கள் உடனே விழாது. ஆர்டிபி வேறு பாதை தேடும். தாழ் முன்னுரிமைக்கு 8 நிமிடம், நடுத்தரத்துக்கு 4, உயருக்கு 2, நெட்வொர்க்குக்கு 1 என்பது இயல்புக் கெடு. இந்தத் தேடல் தொடங்கும்போது வரும் செய்திதான் ஐஎஸ்டி1494ஐ. செஷன் விழுந்த செய்திக்குக் காத்திருக்காமல் இதற்கே அலாரம் வையுங்கள். கெடு முடிவதற்குள் பாதையைச் சரிசெய்தால் பயனருக்கு ஒரு சின்னத் தயக்கம் மட்டுமே தெரியும்.

இதே செய்தி ஒரு நாளில் பல தடவை வந்து தானாகவே சரியாகிக்கொண்டிருந்தால் அலட்சியம் வேண்டாம். சம்பந்தப்பட்ட ஆர்டிபி குழாயை எச்பிஆர்டயாக்=யெஸ் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுஅனுப்பல், வரிசை மாறி வந்தவை, அனுப்பக் காத்திருப்பவை எல்லாம் எண்களாக வரும். இடையில் எங்கோ ஒரு லைன் பாக்கெட்டுகளைச் சிந்திக்கொண்டிருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.

ஏழாம் படி: கோளாறு வந்துவிட்டது, எங்கே தொடங்குவது?

முதல் கேள்வி: ஒருவருக்கா, ஒரு கிளைக்கா, எல்லோருக்குமா? இதைக் கேட்காமல் டிரேஸ் போடத் தொடங்குவது, காய்ச்சல்காரரிடம் எதுவும் கேட்காமல் ஸ்கேன் எழுதிக் கொடுப்பது மாதிரி. இரண்டாவது: இணைப்பே வரவில்லையா, வந்து விழுகிறதா, மெதுவாக இருக்கிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்.

இணைப்பே வரவில்லை என்றால், டெல்நெட் இணைப்புப் பட்டியலில் அந்த ஐபி முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விஷயம் ஐபி அல்லது இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் பக்கம். காலாவதியான சான்றிதழ் ஒரு நிரந்தரச் சந்தேக நபர். இருந்தும் பயன்பாட்டின் திரை வரவில்லை என்றால் எஸ்என்ஏ பக்கம் திரும்பி, பிழையின் காரணத்தைச் சொல்லும் சென்ஸ் குறியீட்டைத் தேடுங்கள். 0801 என்றால் கேட்ட வளம் கிடைக்கவில்லை. 0805 என்றால் செஷன் வரம்பு தாண்டிவிட்டது. 0821 என்றால் செஷன் அளவுருக்கள் பொருந்தவில்லை, பெரும்பாலும் லாக்மோடு தவறு. 087டி என்றால் செஷனுக்குப் பாதை கிடைக்கவில்லை. புதிதாக வந்த நெட்வொர்க் பொறியாளர்கள் இந்த எண்களைக் கண்டு மிரள்வார்கள். நெட்வியூவிலும் மற்ற கருவிகளிலும் விளக்கம் ஒரு விசைத் தட்டலில் கிடைக்கும்.

வந்து விழுகிறது என்பதற்கு ஒரு கதை. ஒரு நிறுவனத்தில் மதியம் சாப்பிட்டுவிட்டு வரும் ஊழியர்களின் திரைகள் மட்டும் உறைந்து போயின. எமுலேட்டரை மூடித் திறந்தால் "உங்கள் எல்யூ பயன்பாட்டில் இருக்கிறது" என்று கதவு அடைபடும். மெயின்பிரேம் பக்கம் செஷன் நலமாக இருப்பதாகவே காட்டியது. மூன்று வாரம் எமுலேட்டர் பதிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். உண்மையில், புதிதாகப் போட்ட ஃபயர்வால் ஒரு மணி நேரம் அசைவில்லாத டிசிபி இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். இரு முனைக்கும் அது சொல்லாது. டெல்நெட் சர்வரின் டைம்மார்க் இயல்பு மதிப்போ 10,800 விநாடி, அதாவது மூன்று மணி நேரம். அதுவரை சர்வர் ஒரு பிணத்தை உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

டைம்மார்க்கை 2,400ஆகவும், சர்வர் இணைப்புகளைச் சுற்றிப் பார்க்கும் இடைவெளியான ஸ்கேன்இன்டர்வலை 300ஆகவும் குறைத்தோம். இரண்டையும் கூட்டினாலும் ஃபயர்வாலின் 3,600ஐத் தொடாது. அதற்குள் ஒரு பாக்கெட் போய் ஃபயர்வாலை விழிக்க வைத்துவிடும். நிலையான எல்யூ பெயர் வைத்திருப்பவர்களுக்கு டேக்ஓவர் வசதியையும் இயக்கினால், மறுபடி வருபவர் தன் பழைய செஷனையே எடுத்துக்கொள்ளலாம்.

மெதுவாக இருக்கிறது என்றால், திரைகளுக்கு ஐந்தாம் படியின் எண்கள். கோப்பு மாற்றத்துக்கு ஒரு பெருக்கல் கணக்கு. டிசிபி விண்டோ 64 கேபி, சுற்றுப்பயண நேரம் 80 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 64 கேபிதான் போகும். விநாடிக்கு பன்னிரண்டரைச் சுற்று. சுமார் 800 கேபி, அதாவது 6.5 மெகாபிட். லைன் 1 கிகாபிட்டாக இருந்தாலும் இதே கதிதான். "லைனை இரண்டு மடங்காக்கினோம், வேகம் மாறவே இல்லை" என்ற புலம்பலுக்கு விடை இதில் இருக்கிறது. நெட்ஸ்டாட் ஆல் அறிக்கையில் விண்டோவைப் பாருங்கள்; எந்த முனை சிறிய விண்டோ சொல்கிறதோ அந்த முனையின் பெறும் பஃபரைக் கூட்டுங்கள். மறுஅனுப்பல் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தால் விண்டோவைத் தொடும் முன் லைனைச் சுத்தப்படுத்துங்கள்.

எட்டாம் படி: பாக்கெட் டிரேஸ், கடைசி ஆயுதமாக

ஸ்டாக்குக்குள்ளேயே பாக்கெட் பிடிக்கலாம். கன்சோலில் பிகேடிடிரேஸ் கட்டளைக்கு முகவரியும் போர்ட்டும் கொடுத்து வடிகட்டி, சிஸ்டிசிபிடிஏ என்ற டிரேஸ் கூறை வெளி ரைட்டர் கோப்போடு தொடங்க வேண்டும். டிரேஸைப் படிக்க உதவும் ஐபிசிஎஸ் கருவியில் வடிவமைக்கும்போது ஸ்னிஃபர் விருப்பத்தைக் கொடுத்தால் வயர்ஷார்க் திறக்கும் கோப்பாகவே கிடைக்கும். ஸ்டாக் பார்க்காத, ஓஎஸ்ஏ கார்டிலேயே விழுந்துவிடும் பாக்கெட்டுகளுக்கு ஓஎஸ்ஏஎன்டிஏ என்ற தனி டிரேஸ் இருக்கிறது.

வயர்ஷார்க்கில் திறந்ததும் எழுத்துகள் எல்லாம் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 3270 தரவு, மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் இருக்கும். ஸ்ட்ரீமைப் பின்தொடரும் சாளரத்தில் ஆஸ்கிக்குப் பதில் எப்சிடிக்கைத் தேர்ந்தெடுத்தால் திரை வாசகங்கள் படிக்கும்படி வரும்.

ஸ்டாக்கே மறையாக்கத்தைச் செய்யும் ஏடி-டிஎல்எஸ் வசதியை இயக்கிய இடத்தில் பாக்கெட் டிரேஸில் மறையாக்கம் செய்த குவியல்தான் கிடைக்கும். நேரம், அளவு, மறுஅனுப்பல் ஆகியவற்றுக்கு அதுவே போதும். பெரும்பாலும் நமக்குத் தேவையும் அவைதான். உள்ளடக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் டேட்டா டிரேஸ் உண்டு, ஆனால் தெளிவான உரையைப் பதிவுசெய்ய டிஎல்எஸ் கொள்கையில் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கும் முன் பாதுகாப்புக் குழுவின் கையெழுத்தை வாங்குங்கள். அந்தக் கோப்பில் கடவுச்சொற்களும் கணக்கு எண்களும் பச்சையாக இருக்கும். டிரேஸ் கோப்பை ஆதரவு மையத்துக்கு அப்படியே தூக்கி அனுப்பிவிட்டு மறுநாள் விளக்கம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் படி: அலாரங்களை மெலிய வையுங்கள்

முதல் வாரத்திலேயே எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால் இரண்டாவது வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு ஆளை எழுப்ப எனக்கு நான்கு போதும்: இஇ பாதை தேடல் தொடங்கியது, ஓஎஸ்ஏ இன்டர்ஃபேஸ் கீழே போனது, டிஎன்3270 இணைப்பு எண்ணிக்கை அந்த நேரத்துக்குரிய வழக்கத்திலிருந்து சட்டென்று சரிந்தது, படிக்கல் இடத்தின் ஐபி நேரம் தொடர்ந்து மூன்று அளவீட்டில் எல்லை தாண்டியது. மற்றவை காலை அறிக்கைக்குப் போகட்டும். நெட்வியூ இருந்தால் தானியக்க அட்டவணையில், அலாரம் அடிக்கும்போதே இஇடயாக் சோதனையை ஓடவிட்டு அதன் வெளியீட்டையும் டிக்கெட்டில் ஒட்டச் சொல்லலாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருபவர் அந்தக் கட்டளையை நினைவுபடுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி மாற்ற அனுமதி வாங்கி, இரண்டு ஓஎஸ்ஏ கேபிளில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். விஐபிஏ மற்றதுக்கு மாறியதா, அலாரம் எத்தனை விநாடியில் வந்தது, யாருடைய தொலைபேசி அடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போன ஒருவரின் எண்ணுக்கு அலாரம் போய்க்கொண்டிருப்பது இந்தச் சோதனையில்தான் அகப்படும்.